தாயிஃப்: விட்டதும் விடாததும்

சென்ற ஆண்டு ஹதீஸ் வகுப்பில் ஸஹீஹுல் புகாரீயின் போர்கள் பற்றிய பகுதியை நடத்திக்கொண்டிருந்தோம். ஹுனைன் முடிந்து தாயிஃப் போரைப் பற்றிய பாடம் வந்தது. வாசகத்தைப் படித்து, அறிவிப்பாளர் தொடரை விளக்கி, கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்லி முடித்த வேளையில் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், தாயிஃப் முற்றுகை வெற்றியா, தோல்வியா?" என்று கேட்டார். நகரம் பிற்பாடு இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டது, ஆகவே அது வெற்றிதான் என்று சுருக்கமாக விடையளித்துவிட்டு அடுத்த ஹதீஸுக்குச் சென்றோம். மாணவர் அமர்ந்துவிட்டார். ஆனால் அவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவே செய்தோம்.

அவசரமாகச் சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் கேள்வியைத் தீர்ப்பதில்லை. அதை மூடி வைக்கவே செய்கின்றன. பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட படை, கல்லெறியும் பொறிகளோடு ஒரு நகரைச் சூழ்ந்து நின்று, அதைக் கைப்பற்றாமல் திரும்புகிறது. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது? எடுக்கப்பட்டபோது உடனிருந்தவர்கள் அதை எப்படி ஏற்றார்கள்? திரும்பியபோது எது கைவிடப்பட்டது, எது கைவிடப்படவில்லை? இவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வது, ஒரு முயற்சியை எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்று தடுமாறும் எவருக்கும் பயன் தரும் என்று கருதுகிறோம்.

மலைமேல் ஒரு நகரம்

தாயிஃப் நகரம் மக்காவுக்குக் கிழக்கே, மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு; தாயிஃபோ குளிர்ந்த காற்றும் திராட்சைத் தோட்டங்களும் உடைய செழிப்பான ஊர். தோல் பதனிடும் தொழிலுக்கும் அது பெயர் பெற்றிருந்தது. குறைஷித் தலைவர்கள் பலருக்கு அங்கே தோட்டங்கள் இருந்தன. ஸகீஃப் குலத்தார் அதன் உரிமையாளர்கள். ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, அதனுள்ளே லாத் என்னும் சிலையை வைத்து வழிபட்டு வந்தார்கள். அரபு நகரங்களில் இவ்வாறு மதிலால் சூழப்பட்டிருந்தவை மிகச் சிலவே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதன்முதலில் இந்நகருக்கு அழைப்புப் பணிக்காகச் சென்றது நபித்துவத்தின் பத்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 619இல். துணைவியார் கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்து, மக்காவில் பாதுகாப்பு அற்றுப்போயிருந்த காலம் அது. உடன் சென்றவர் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) ஒருவரே என்று இப்னு ஸஅத் குறிப்பிடுகிறார். ஸகீஃபின் தலைமை அன்று அம்ர் பின் உமைரின் மூன்று மைந்தர்களான அப்து யாலீல், மஸ்ஊத், ஹபீப் ஆகியோரிடம் இருந்தது. மூவரும் எள்ளி நகையாடி மறுத்தார்கள். அத்துடன் நில்லாமல் ஊரின் அறிவிலிகளை ஏவிவிட, அவர்கள் கல்லெறிந்து துரத்தினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இரத்தம் தோய்ந்த பாதங்களோடு ரபீஆவின் மைந்தர்களது தோட்டத்தில் ஒதுங்கியதும், நீனவா நகரைச் சேர்ந்த அத்தாஸ் என்னும் கிறிஸ்தவ அடிமை ஒரு தட்டில் திராட்சை கொண்டு வந்து தந்ததும் நாம் யாவரும் அறிந்தவையே.

உஹுதுப் போர் நாளைவிடக் கடுமையான நாள் ஏதேனும் உண்டா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் கேட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் இந்தப் பயணத்தையே நினைவுகூர்ந்ததாக இரு ஸஹீஹுகளிலும் காணப்படுகிறது. மலைகளுக்குரிய வானவர் இரு மலைகளையும் அவர்கள்மீது கவிழ்த்துவிடவா என்று கேட்டதும், இவர்களின் சந்ததியிலிருந்தேனும் ஏக இறைவனை வணங்குவோர் தோன்றுவர் என்று தாம் எதிர்பார்ப்பதாக நபியவர்கள் விடையளித்ததும் அதே அறிவிப்பில்தான் உள்ளன. இந்த விடையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நம் ஆய்வின் திறவுகோல் இதுவே. அன்று அவர்கள் தாயிஃபை விட்டு வெளியேறினார்கள். தாயிஃப் மக்களைப் பற்றிய நம்பிக்கையை விட்டு வெளியேறவில்லை.

மதிலுக்கு முன்னால்

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. ஹிஜ்ரி 8, ரமலானில் (கி.பி. 630) மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. ஷவ்வாலில் ஹுனைன் பள்ளத்தாக்கில் ஹவாஸின், ஸகீஃப் குலங்களின் கூட்டணி முறியடிக்கப்பட்டது. அதன் தலைவர் மாலிக் பின் அவ்ஃப் தப்பிச்சென்று ஸகீஃபினரோடு தாயிஃப் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். அவர்கள் ஓராண்டுக்கு வேண்டிய உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு கதவுகளை அடைத்தார்கள். ஹுனைனில் கிடைத்த கைதிகளையும் கால்நடைகளையும் ஜிஃரானாவில் காவலில் வைத்துவிட்டு முஸ்லிம் படை தாயிஃபைச் சூழ்ந்தது.

முற்றுகை எத்தனை நாள் நீடித்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இப்னு இஸ்ஹாக் இருபதுக்குச் சற்று மேற்பட்ட இரவுகள் என்கிறார். பதினேழு என்று சொல்வோரும் உண்டு என்பதை இப்னு ஹிஷாம் பதிவு செய்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில் நாற்பது என்று காணப்படுகிறது. ஷவ்வால் 10 வாக்கில் ஹுனைனை அடைந்ததும், துல்கஅதா 5இல் ஜிஃரானாவுக்குத் திரும்பியதும் இப்னு ஸஅதின் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் முற்றுகைக்கு மூன்று வாரங்களுக்கு மேல் இடமில்லை. நாற்பது என்பது பயணம், போர், பங்கீடு அனைத்தையும் சேர்த்த எண்ணிக்கையாக இருக்கக்கூடும்.

இந்த மூன்று வாரங்களில் முயன்று பார்க்கப்படாத வழி இல்லை என்றே சொல்லலாம். முதலில் மதிலருகே பாசறை அமைந்தது. மேலிருந்து வெட்டுக்கிளிக் கூட்டம் போல் அம்புகள் பொழியவே பாசறை பின்னுக்கு நகர்த்தப்பட்டது. மன்ஜனீக் என்னும் கல்லெறி பொறி நிறுத்தப்பட்டது. இஸ்லாமிய வரலாற்றில் அதன் முதல் பயன்பாடு இதுவே என்கிறார் இப்னு ஹிஷாம். தப்பாபா எனப்படும் மறைப்பின் கீழ் ஒரு குழுவினர் ஊர்ந்து சென்று மதிலைத் துளைக்க முயன்றார்கள். ஸகீஃபினர் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டுகளை அதன்மீது எறிந்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களை அம்புகள் வீழ்த்தின. பின்பு திராட்சைக் கொடிகளை வெட்டும் ஆணை பிறந்தது. அல்லாஹ்வுக்காகவும் இரத்த உறவுக்காகவும் அவற்றை விட்டுவிடுமாறு ஸகீஃபினர் வேண்டியபோது அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே எதிரியின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு வழிமுறை நிறுத்தப்பட்டது என்பது கருதத்தக்கது. இறுதியாக, கோட்டையிலிருந்து இறங்கி வரும் அடிமை எவராயினும் அவர் சுதந்திரமானவர் என்று அறிவிக்கப்பட்டது. இருபத்து மூன்று பேர் வந்ததாக புகாரீயில் உள்ளது. அவர்களுள் ஒருவர் கிணற்றுக் கப்பியின் துணையால் மதிலிலிருந்து இறங்கி வந்தார். அரபியில் கப்பிக்கு 'பக்ரா' என்று பெயராதலால் அபூபக்ரா (ரலி) என்றே வரலாற்றில் நிலைபெற்றார்.

ஆயினும் கதவு திறக்கவில்லை. நபித்தோழர்களில் பன்னிருவர் உயிர் நீத்தார்கள்: குறைஷியர் எழுவர், அன்ஸாரிகள் நால்வர், லைஸ் குலத்தார் ஒருவர். அபூபக்ர் (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ் அங்கே அம்பு தைத்துக் காயமுற்று, அக்காயத்தாலேயே பின்னர் மதீனாவில் இறந்தார்.

நரியும் பொந்தும்

இந்நிலையில் பெருமானார் (ஸல்) அவர்கள் நவ்ஃபல் பின் முஆவியா அத்தீலீ என்பவரிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் கூறிய கருத்து இதுதான்: இது பொந்துக்குள் இருக்கும் நரி, காத்திருந்தால் பிடித்துவிடலாம், விட்டுச் சென்றாலும் அதனால் தீங்கு நேராது. வாகிதீயும் அவரைத் தொடர்ந்து இப்னு ஸஅதும் இச்செய்தியைத் தருகிறார்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் வாகிதீயை வலுவான அறிவிப்பாளராகக் கொள்வதில்லை என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அன்றைய நிலைமையோடு இக்கருத்து முற்றிலும் பொருந்துகிறது. மக்கா வீழ்ந்துவிட்டது, ஹவாஸின் சிதறிவிட்டது, சுற்றிலும் உள்ள குலங்கள் ஒவ்வொன்றாக இஸ்லாத்துக்குள் வந்துகொண்டிருந்தன. தனித்து நிற்கும் மதிலுக்குள் ஸகீஃப் என்ன செய்துவிட முடியும்? போர் விலக்கப்பட்ட துல்கஅதா மாதமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

நவ்ஃபலின் சொல்லில் இரு பகுதிகள் உள்ளன. நாம் பொதுவாக முதற்பகுதியை மட்டுமே கேட்டுப் பழகியவர்கள்: காத்திருந்தால் பிடித்துவிடலாம். முயன்றால் முடியும் என்பது உண்மையாயிருக்கும் வரையில் நிறுத்தக் கூடாது என்று எண்ணுகிறோம். நவ்ஃபல் இரண்டாவதாக ஒன்றை நிறுத்துப் பார்த்தார்: விட்டுவிட்டால் என்ன கெடும்? கெடுவது ஒன்றுமில்லை என்றால், இன்னும் பன்னிரண்டு உயிர்களை அந்த மதிலடியில் இழப்பதற்கு என்ன நியாயம்? தாயிஃப் முற்றுகை முடியாததால் நிறுத்தப்படவில்லை. முடியக்கூடியதே, ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை தேவையற்றது என்பதால் நிறுத்தப்பட்டது.

அடுத்து நிகழ்ந்ததே அன்று வகுப்பில் நடந்த பாடத்தின் மையம். இது இரு ஸஹீஹுகளிலும் இடம்பெற்றது. அறிவிப்பாளர் அப்துல்லாஹ் பின் உமரா, அப்துல்லாஹ் பின் அம்ரா என்பதில் பிரதிகள் வேறுபடுகின்றனவே தவிர, நிகழ்ச்சியில் ஐயமில்லை. இறைவன் நாடினால் நாளை திரும்புவோம் என்று நபியவர்கள் அறிவித்தார்கள். தோழர்களுக்கு அது பாரமாக இருந்தது. வெற்றி கொள்ளாமலா திரும்புவது என்று கேட்டார்கள். அப்படியானால் காலையில் போரிடுங்கள் என்று நபியவர்கள் அனுமதி அளித்தார்கள். மறுநாள் போரிட்டார்கள், காயங்களோடு திரும்பினார்கள். மாலையில் நபியவர்கள் அதே சொல்லை மீண்டும் சொன்னார்கள். இம்முறை அது அவர்களுக்கு உவப்பாக இருந்தது. நபியவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் குறித்து விரிவுரையாளர்கள் எழுதியிருப்பவற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. முந்திய நாள் வெறுத்ததையே மறுநாள் விரும்பிய தோழர்களின் மனமாற்றத்தைக் கண்டே நபியவர்கள் சிரித்தார்கள். அதில் ஏளனம் இல்லை; 'நான் சொன்னேன் அல்லவா' என்னும் குத்தலும் இல்லை. தலைவருக்கு முடிவு தெரிந்துவிட்டது; உடனிருப்போரின் உள்ளம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. ஆணையிட்டு அழைத்துச் சென்றிருக்கலாம், கட்டுப்பட்டிருப்பார்கள். ஆனால் 'இன்னும் ஒரு நாள் நின்றிருந்தால்' என்னும் ஏக்கம் வாழ்நாள் முழுவதும் அவர்களைத் தொடர்ந்திருக்கும். அந்த ஒரு நாள் அவர்களுக்கு அந்த ஏக்கத்திலிருந்து விடுதலை தந்தது. விடுவது சரி என்பதைத் தாமே கண்டறிந்தவர்தாம் மன அமைதியோடு விட முடியும்.

விடப்படாதது

படை புறப்படும் வேளையில், ஸகீஃபினரைச் சபிக்குமாறு தோழர்கள் வேண்டினார்கள். நபியவர்கள் அதற்கு மாறாக, அவர்களுக்கு நேர்வழி காட்டுமாறு இறைவனிடம் பிரார்த்தித்ததை ஜாபிர் (ரலி) வழியாகத் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் மலைகளின் வானவருக்குச் சொன்ன விடையும் இந்தப் பிரார்த்தனையும் ஒன்றே. இடையில் மாறியவை வழிகள் மட்டுமே: தனியராகச் சென்று அழைத்தது ஒரு வழி, படையோடு சென்று சூழ்ந்தது மற்றொரு வழி. இரண்டும் பலன் தராதபோது இரண்டும் நிறுத்தப்பட்டன. நோக்கம் நிற்கவில்லை.

நோக்கம் நிற்கவில்லை என்பது வெறும் விருப்பமாகவும் நின்றுவிடவில்லை. ஜிஃரானாவில் நபியவர்கள் பத்து நாட்களுக்கு மேல் பங்கீட்டைத் தள்ளிவைத்து ஹவாஸின் தூதுக்குழுவுக்காகக் காத்திருந்தார்கள். பங்கீட்டுக்குப் பின் அவர்கள் வந்து சேர்ந்தபோதும் ஆறாயிரம் கைதிகள் திருப்பி அளிக்கப்பட்டார்கள். தாயிஃபுக்குள் பதுங்கியிருந்த மாலிக் பின் அவ்ஃபுக்கு, இஸ்லாத்தை ஏற்று வந்தால் குடும்பமும் செல்வமும் திருப்பித் தரப்படும், கூடவே நூறு ஒட்டகங்களும் உண்டு என்று செய்தி அனுப்பப்பட்டது. அவர் இரவோடு இரவாக வெளியேறி வந்து சேர்ந்தார்; தம் குலத்தாருக்குத் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். மன்ஜனீக் திறக்காத கதவைப் பெருந்தன்மை உள்ளிருந்தே திறந்துவிட்டது.

இன்னொருவரின் கதை மேலும் உருக்கமானது. ஸகீஃபின் பெருந்தலைவர்களுள் ஒருவரான உர்வா பின் மஸ்ஊத் முற்றுகையின்போது ஊரில் இல்லை. அவர் யமன் திசையிலுள்ள ஜுரஷ் நகரில் மன்ஜனீக், தப்பாபா முதலிய கருவிகளின் செய்முறையைக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்தபோது முற்றுகை முடிந்திருந்தது. அவரோ நபியவர்களைப் பின்தொடர்ந்து சென்று, மதீனாவை அவர்கள் அடையும் முன்பே சந்தித்து இஸ்லாத்தைத் தழுவினார். தம் மக்களிடம் திரும்பிச் சென்று அழைக்க அனுமதி கேட்டார். அவர்கள் உம்மைக் கொன்றுவிடுவார்கள் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். மக்கள் தம்மைப் பெரிதும் நேசிப்பதாகச் சொல்லி உர்வா (ரலி) புறப்பட்டார். தம் வீட்டு மாடியில் நின்று அழைத்தபோது அம்பெய்து கொல்லப்பட்டார். முற்றுகையில் உயிர் நீத்த தியாகிகளின் அருகே தம்மை அடக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார், அவ்வாறே அடக்கப்பட்டார்.

எங்கே இசைவது, எங்கே மறுப்பது

சில மாதங்களில் ஸகீஃபினர் தம் தனிமையை உணர்ந்தார்கள். ஹிஜ்ரி 9, ரமலானில், தபூக்கிலிருந்து நபியவர்கள் திரும்பிய பின் அவர்களின் தூதுக்குழு மதீனா வந்தது. குழுவின் தலைவராக இப்னு இஸ்ஹாக் குறிப்பிடும் பெயரைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது: அப்து யாலீல் பின் அம்ர். அன்று எள்ளி நகையாடிய மூவரில் ஒருவரின் பெயர் அதுவே. அவருடைய மகன் கினானாவே தலைவர் என்று வேறு சிலர் கூறுவர். எவ்வாறாயினும் கல்லெறிந்து துரத்திய அதே வீடு, இப்போது பள்ளிவாசலில் தமக்கென அடிக்கப்பட்ட கூடாரத்தில் விருந்தினராக அமர்ந்திருந்தது.

பேச்சுவார்த்தை எளிதாக இருக்கவில்லை. காலித் பின் ஸயீத் (ரலி) இடையில் நின்று பேசினார்; அவர் முதலில் உண்ணாத உணவை உண்ணவும் தூதர்கள் அஞ்சினார்கள். லாத்தை மூன்றாண்டுகள் விட்டுவைக்க வேண்டும் என்றார்கள், மறுக்கப்பட்டது. இரண்டு, ஒன்று என்று இறங்கி ஒரு மாதம்வரை வந்தார்கள், அதுவும் மறுக்கப்பட்டது. தொழுகையிலிருந்து விலக்குக் கேட்டார்கள். தொழுகையில்லாத மார்க்கத்தில் நன்மையில்லை என்று மறுக்கப்பட்டது. மதிலிலிருந்து இறங்கி வந்த அடிமைகளைத் திருப்பித் தருமாறு கேட்டார்கள். அவர்கள் அல்லாஹ்வினால் விடுதலை செய்யப்பட்டவர்கள் என்று அதுவும் மறுக்கப்பட்டது. ஆனால் சிலையைத் தம் கைகளாலேயே உடைக்கும் நிலையிலிருந்து விலக்குக் கேட்டபோது உடனே இசைவு கிடைத்தது. அப்பணிக்கு முகீரா பின் ஷுஅபாவும் அபூஸுஃப்யானும் (ரலி) அனுப்பப்பட்டார்கள். ஸகாத்தும் ஜிஹாதும் தம்மீது கூடாது என்று அவர்கள் நிபந்தனை விதித்தபோது, இஸ்லாத்தை ஏற்றுக்கொண்ட பின் அவர்களே அவற்றைச் செய்வார்கள் என்று நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் உள்ளது.

முற்றுகையை விட்டவர்கள் இங்கே ஒரு மாதத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விட்டுக்கொடுத்தவை அனைத்தும் காலத்தால் கனியக்கூடியவை. மறுத்தவை, விட்டுக்கொடுத்தால் நோக்கமே இல்லாமல் போய்விடக்கூடியவை.

குழுவில் வயதில் மிக இளையவரான உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) தாயிஃபுக்குத் தலைவராகவும் இமாமாகவும் நியமிக்கப்பட்டார். மார்க்கத்தைக் கற்பதில் அவருக்கிருந்த ஆர்வமே அதற்குக் காரணம். ஹிஜ்ரி 11இல் நபியவர்களின் மறைவுக்குப் பின் அரபுக் குலங்கள் பல விலகி ஓடியபோது, இவர் தம் மக்களிடம், இறுதியாக இஸ்லாத்தை ஏற்ற நீங்கள் முதலாவதாக அதை விட்டு விலகுவோர் ஆகிவிடாதீர்கள் என்று கூறினார். தாயிஃப் அசையவில்லை. கல்லால் உடைக்கப்பட்டிருந்தால் அந்த மதில் அவ்வாறு நின்றிருக்குமா என்பது எண்ணிப்பார்க்க வேண்டியது.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் இங்கே சொல்லலாம். இதே உஸ்மான் (ரலி) பின்னர் உமர் (ரலி) அவர்களால் பஹ்ரைன், ஓமன் பகுதிகளுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். அவர் கடல்வழியே இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள தானாவுக்கு ஒரு படையை அனுப்பியதாக பலாதுரீ தெரிவிக்கிறார். படை நலமாகத் திரும்பியது. ஆனால் செய்தியறிந்த கலீஃபா பாராட்டவில்லை. ஒரு மரத்துண்டின்மேல் புழுவை ஏற்றிக் கடலில் விட்டுவிட்டீர் என்றும், அவர்கள் அழிந்திருந்தால் அதே எண்ணிக்கையை உம் குலத்தாரிடமிருந்து எடுத்திருப்பேன் என்றும் எழுதினார்கள். முயற்சி பலித்துவிட்டது என்பது அது சரியான முயற்சி என்பதற்குச் சான்றாகாது என்பதை உமர் (ரலி) அறிந்திருந்தார்கள்.

கேள்வி கேட்ட மாணவர்

நம் மஹல்லாக்கள் சிலவற்றில் ஒரு வக்ஃபு நிலத்துக்காகவோ நிர்வாகப் பொறுப்புக்காகவோ இரு தரப்பினர் பல்லாண்டுகள் நீதிமன்றப் படியேறுகிறார்கள். விட்டால் மானம் போகும் என்கிறார்கள். வழக்கு நடக்கிறது, பள்ளிவாசல் எதற்காகவோ அது மட்டும் நடப்பதில்லை. வழியைப் பிடித்துக்கொண்டு நோக்கத்தை விட்டவர்கள் இவர்கள். மறுபுறம், ஒரு வழி அடைபட்டதும் நோக்கத்தையே துறந்துவிடுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இவ்விரண்டாம் வகையினரை உருவாக்குவதில் நமக்கும் பங்குண்டு என்பதை வகுப்புக்குச் சில நாட்கள் கழித்தே உணர்ந்தோம். அன்று கேள்வி கேட்டவர் திருக்குர்ஆனை மனனம் செய்யும் பிரிவில் மூன்றாண்டுகள் முயன்றவர். பதினொரு ஜுஸ்உகளுக்கு மேல் அவரால் நகர முடியவில்லை. புதிதாக மனனம் செய்தால் பழையது நழுவியது. ஆசிரியர்கள் கூடி ஆராய்ந்து அவரை ஆலிம் வகுப்புக்கு மாற்றினார்கள். அந்த ஆசிரியர்களில் நாமும் ஒருவராக இருந்தோம். முடிவு சரியானதே என்று இன்றும் கருதுகிறோம். அரபு இலக்கணத்தில் அவர் இன்று முன்னணியில் இருக்கிறார். ஆனால் நிறுத்தச் சொன்ன நாம், எதை நிறுத்தக் கூடாது என்று அவருக்குச் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் முயன்று பார்க்கிறேன் என்று அவர் கேட்டதாகவும் நினைவு. நேரமில்லை என்று மறுத்துவிட்டோம். தாயிஃபின் மதிலடியில் தோழர்களுக்குக் கிடைத்த அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் வெற்றியா, தோல்வியா என்று அவர் கேட்டார்.

அவரை அழைத்து, இக்கட்டுரையில் எழுதியவற்றைச் சொன்னோம். மனனம் செய்த பதினொரு ஜுஸ்உகளின் நிலை என்ன என்று கேட்டோம். மாற்றப்பட்ட நாளிலிருந்து அவற்றைத் திறக்கவில்லை என்றார். தோற்றுப்போனதன் அடையாளமாக அவை அவருக்குத் தோன்றியிருக்கின்றன. குர்ஆனோடு வாழ்வதுதான் நோக்கம், மனனப் பிரிவு அதற்கான ஒரு வழி மட்டுமே என்பதை அன்றே நாம் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது சுப்ஹு தொழுகைக்குப் பின் அவர் நம்மிடம் அரை ஜுஸ்உ ஓதிக் காட்டுகிறார். முதல் ஜுஸ்உவிலேயே பல இடங்களில் தடுமாறுகிறார். பன்னிரண்டாவதைத் தொடங்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.